பரிசளிப்புச் சான்றிதழுக்குப் பிரேம் போடும் கடை: முன்பக்கம் பிரமாதம், பின்பக்கம் கேட்டு வாங்குங்கள்

வருட இறுதிப் பரிசளிப்பு விழா முடிந்த கிழமையில் திருகோணமலைப் பிரேம் கடைகளுக்கு வரும் தாய்தகப்பனிடம் பேரம் பேசும் மனமே இருக்காது. மேடையில் பிள்ளையின் பெயரைக் கூப்பிட்ட சந்தோசம் இன்னும் ஆறியிராது. இருப்பதில் மினுங்கும் தங்கநிறச் சட்டத்தில்தான் விரல் போய் நிற்கும். காசெல்லாம் முன்பக்கத்துக்கே போய்விடும். தாளுக்குப் பின்னால் என்ன வைக்கிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை.

பிரதான வீதிப் பக்கமுள்ள இந்தச் சிறிய கடையின் கைவேலை சுத்தம். நான்கு மூலையும் 45 பாகையில் பிசகாமல் பொருந்துகின்றன, நகத்தை ஓட்டினால் தடக்காது. சட்டத்துக்கு அடிக்கணக்கில்தான் விலை. அதனால் போகுமுன் கணக்கைத் தெரிந்துகொள்ளுங்கள். ஏ4 சான்றிதழைச் சுற்றி 2 அங்குல மவுண்ட் (தாளுக்கும் சட்டத்துக்கும் இடையில் வரும் அட்டைக் கரை) விட்டால் உள்ளளவு ஏறக்குறைய 12¼ × 15¾ அங்குலம், சுற்றளவு 56. மூலை வெட்டில் கழிவது சட்ட அகலத்தின் எட்டு மடங்கு. ஓர் அங்குலச் சட்டமென்றால் மொத்தம் 64 அங்குலம், அதாவது 5 அடி 4 அங்குலம். பில்லில் ஆறு அடி போட்டால் நியாயம், ஏழு அடி போட்டால் கேளுங்கள்.

குறை பழக்கத்தில் இருக்கிறது. அன்றாடம் அவர்கள் செய்வது சாமிப்படம். படத்தை ஹாட்போட் என்ற மரநார்ப் பலகையில் பசை பூசி ஒட்டுவார்கள், கண்ணாடியை அதன்மேல் அமுக்கி ஆணி அடிப்பார்கள். படம் மங்கினால் வேறு வாங்கலாம். அதிபர் பேனையால் ஒப்பமிட்ட தாளை எங்கே போய் வாங்குவது? நாம் வாய் திறக்காவிட்டால் சான்றிதழுக்கும் அதே பசைதான். ஹாட்போட்டின் அமிலம் ஏறி, தாள் சில வருடங்களில் பழுப்பாகும். வாடைக் காலத்து ஈரத்தில் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டால் பிரித்தெடுக்கும்போது முத்திரை மை கண்ணாடியில் தங்கிவிடும்.

ஆகவே ஓடர் கொடுக்கும்போதே சொல்ல வேண்டியது இது. மவுண்ட் போட் அமிலமற்றதாக இருக்கட்டும், அதே போட்டில் இன்னொரு துண்டைத் தாளுக்குப் பின்னாலும் வைக்கட்டும், ஹாட்போட் அதற்கும் பின்னால் போகட்டும். தாளின் மேல் விளிம்பில் மட்டும் இரண்டு இடத்தில், நனைத்து ஒட்டும் காகித டேப். மற்ற மூன்று பக்கமும் சும்மா கிடக்க வேண்டும். வாடையில் தாள் விரியும், வறண்ட கச்சான் காற்றில் சுருங்கும். நான்கு பக்கமும் ஒட்டினால் நடுவில் அலை எழும்பும். செலோடேப் வேண்டவே வேண்டாம். அதன் பசை கசிந்து மஞ்சள் கறை முன்பக்கம்வரை வந்துவிடும்.

மவுண்டின் சாளரம், அதாவது நடுவில் வெட்டும் திறப்பு, தாளைப் பக்கத்துக்கு 5 மில்லிமீற்றர் மூடும்படி வெட்டுவதே வழக்கம். ஆனால் நம் பாடசாலைச் சான்றிதழ்கள் பலவற்றில் பூவேலைக் கரை விளிம்போடு ஒட்டியிருக்கும், ஒப்பம் வலது கீழ்மூலையில் கிடக்கும். அந்த 5 மில்லிமீற்றருக்குள் ஒப்பத்தின் வால் மறைந்துபோகும். சாளரத்தைத் தாளைவிடப் பெரிதாக வெட்டி, நான்கு விளிம்பும் தெரிய வைக்கச் சொன்னால் செய்து தருகிறார்கள். பார்வைக்கும் அதுதான் அழகு.

பதக்கத்தோடு சேர்த்துப் பெட்டிப் பிரேம் கேட்டால் உள் ஆழம் குறைந்தது 2 சென்ரிமீற்றர் வேண்டும். பதக்கத்தைச் சூட்டுப் பசையால் ஒட்டுவது இவர்கள் வழக்கம். கச்சான் வெயிலில் பசை இளகி, ஒருநாள் பதக்கம் கீழே கிடக்கும். தங்கூசி (மீன்பிடிக்கும் நைலோன் இழை) கொண்டுபோய்க் கொடுங்கள். பதக்கத்தின் வளையத்துக்கு அருகே போட்டில் இரண்டு துளை, நாடாவின் மேல்முனையில் இரண்டு. ஊடாகக் கோர்த்துப் பின்னால் முடிச்சுப் போட்டால் போதும்.

“லெமினேட் பண்ணித் தரவா?” என்று கேட்பார்கள். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். சூட்டில் சில மை கசியும். ஒருமுறை ஒட்டிய பிளாஸ்டிக்கைத் தாள் கிழியாமல் உரிக்க ஏலாது. பின்னொரு நாள் அந்தத் தாளில் அத்தாட்சி முத்திரை குத்த வேண்டி வந்தால் மை பிடிக்காது. பிரேமுக்குள் போகுமுன் 300 டிபிஐயில் ஸ்கான் எடுத்து வையுங்கள்.

சட்டத்தில் ஃபைபர் நல்ல தெரிவு, கறையான் தொடாது. கொளுவி மட்டும் மோசம். அவர்கள் அடிப்பது சாதா இரும்பு, உப்புக் காற்றில் கறள் பிடித்துச் சுவரில் கோடு இறங்கும். பித்தளைக் கொளுவி நாமே வாங்கிக் கொடுப்பது நல்லது. மழை அடிக்கும் வெளிச்சுவரிலும் காலை வெயில் விழும் இடத்திலும் மாட்டாதீர்கள். முன்னதில் பூஞ்சணம் பிடிக்கும், பின்னதில் ஒப்பம் வெளிறும்.

கைவேலைக்கு ஐந்துக்கு நாலரை, பொருள் தெரிவுக்கு இரண்டரை. எடுக்கப் போகும்போது கடையிலேயே பிரேமை வெளிச்சத்துக்குச் சரித்துப் பாருங்கள், கண்ணாடிக்கு உள்ளே தூசி கிடந்தால் தெரியும். பிறகு மெதுவாக ஒருதரம் குலுக்குங்கள். பதக்கம் கிணுங்கினால் கவுண்டரை விட்டு அசையாமல் அங்கேயே திறந்து கட்டச் சொல்லுங்கள், முகம் சுளிக்காமல் செய்கிறார்கள்.