இரண்டு பூனை வீட்டுக்கு எஸ்.எஸ். கொசுவலைக் கதவு: எதைக் கேட்டு வாங்குவது

புதுப் பூனையையும் பழைய பூனையையும் பழக்குவதற்கென்று காசு செலவழித்தால், முதல் செலவு புதுப் பூனையைத் தனியே வைக்கும் அறையின் வலைக்கதவுக்குத்தான். புதுச்சேரி, கடலூர் அலுமினியக் கடைகளில் சதுர அடிக் கணக்கில் அளந்து மாட்டித் தருவார்கள். கடைக்காரர் மனதில் இருப்பது கொசு. பூனைக்கு என்று அளவெடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்.

பைபர் வலை நகம் பட்டால் கிழியும். காந்தத் திரையைப் பூனை தலையால் தள்ளிக்கொண்டு போய்விடும். தாங்குவது 304 ரக எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) வலைதான். முத்தியால்பேட்டை, தேவனாம்பட்டினம் மாதிரி கடலோரத்தில் உப்புக்காற்று இரும்பைத் தின்றுவிடும். ஸ்க்ரூ, கீல் எல்லாமே எஸ்.எஸ். ஆக இருக்கட்டும்.

கோளாறு வருவது பெரும்பாலும் ஓரத்தில். பூனை பாய்ந்து முட்டினால், வலையைப் பிடித்திருக்கும் ரப்பர் பீடிங் பிதுங்கி வெளியே வரும். அதன்மேல் அலுமினியப் பட்டை வைத்து ஸ்க்ரூ போடச் சொல்லுங்கள். காந்தப் பூட்டு போதாது, மேலும் கீழும் டவர் போல்ட் (தாழ்ப்பாள்) வேண்டும். அடியில் ஒரு விரல் சந்து இருந்தாலே பாதத்தை விட்டு அடித்துக்கொள்ளும்; பிரஷ் பட்டை ஒட்டுங்கள். உறுதிக்காகக் கீழ்ப்பாதியில் தகடு போடுகிறோம் என்றால் வேண்டாம். பூனையின் பார்வை போகும் உயரமே அதுதான்.

மாட்டிய அன்றே முகம் காட்டாதீர்கள். வலை தும்மலைத் தடுக்காது. தெருக்குட்டி என்றால் இரண்டு வாரம் மரக்கதவும் மூடியே இருக்கட்டும். குருமாம்பேட் கால்நடை மருத்துவக் கல்லூரியிலோ வழக்கமான மருத்துவரிடமோ காட்டி, தொற்று இல்லை என்ற பிறகே, வாசம் பழகுவதற்காக ஒன்று படுத்த துணியை மற்றதன் இடத்தில் போடலாம். துணியிலும் சளிக்கிருமி ஒட்டிவரும்.

பிறகு மரக்கதவைத் திறந்து, வலை முழுக்கத் துண்டால் மறையுங்கள். இருபக்கமும் ஆறடி தள்ளிச் சாப்பாட்டுக் கிண்ணம். இரண்டும் பதறாமல் தின்றால் மறுநாள் அரையடி நெருக்குங்கள். கிண்ணம் கதவருகே வந்ததும் துண்டைக் கீழிருந்து சாண் சாணாக உயர்த்துங்கள். லேசாகச் சீறினால் பரவாயில்லை. அசையாமல் முறைத்து, வாலைச் சொடுக்கி, சாப்பாட்டைத் தொடாமல் நின்றால் துண்டை இறக்கி, கடைசியாக நிம்மதியாகத் தின்ற தூரத்துக்கே கிண்ணத்தைக் கொண்டுபோங்கள். ஒருநாள் சண்டையில்லை என்று துண்டை முழுக்க எடுப்பவர்கள்தான் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

மே மாதம் மின்சாரம் போனாலும் அந்த அறைக்குக் காற்று வரும், அதுவும் இந்தக் கதவின் பெரிய லாபம். மரக்கதவு உள்ளே திறந்தால் வலைக்கதவு வெளியே திறக்க வேண்டும். வாடகை வீட்டில் நிலையில் ஓட்டை போடுவதற்கு முன் வீட்டுக்காரரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.