சத்தியெடுக்கும் பிள்ளைக்கு ஜீவனியா, டொம்பெரிடோன் பாணியா?

கல்லடியோ கல்முனையோ, தாய்மார் தடுமாறுவது இந்த இரண்டுக்கும் நடுவில்தான்.

வேலை: ஜீவனி, தண்ணீரில் கரைத்துக் கொடுக்கும் ORS தூள்; இழந்த நீரையும் உப்பையும் ஈடுசெய்யும். பாணி குமட்டலை அடக்கத் தருவது. ஆனால் 12 வயதுக்குட்பட்டோருக்குப் பலனில்லை என்று பிரித்தானியா 2019இல் அந்தப் பயன்பாட்டை நிறுத்திவிட்டது.

அளவு: ஜீவனிக்குப் பொறுமை வேண்டும். சத்திக்குப் பிறகு 10 நிமிடம் விட்டு, இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒரு தேக்கரண்டி. தாகத்தில் பிள்ளை கோப்பையைப் பிடித்து இழுக்கும். விடாதீர்கள், மடமடவென்று குடித்தால் திரும்பவும் வெளியே வந்துவிடும். பாணியின் அளவு எடையைப் பொறுத்தது. அக்காவின் போத்தலைத் தம்பிக்குக் கொடுக்கவே கூடாது.

ஆபத்து: பாணி இதயத் துடிப்பைக் குழப்பலாம். ஜீவனியில் தண்ணீர் அளவு பிசகக்கூடாது.

சாதாரண சத்திக்கு ஜீவனி போதும். பாணி, வைத்தியர் எடை பார்த்து எழுதித் தந்தால் மட்டும். பச்சையாகவோ இரத்தமாகவோ எடுத்தால், சிறுநீர் போகாவிட்டால், காய்ச்சலோடு சோர்ந்தால் (டெங்குவாகவும் இருக்கலாம்) இரண்டையும் வைத்துவிட்டு வைத்தியசாலைக்கு ஓடுங்கள்.