டிகிரி முடித்த பிள்ளைக்கு எவ்வளவு கொடுக்கலாம்: உறையா, தங்கக் காசா, ஜிபேயா?

கல்யாணத்துக்கோ காதுகுத்துக்கோ எவ்வளவு எழுதுவது என்பதில் நம் வீடுகளில் பெரிய குழப்பம் வராது. பழைய மொய் நோட்டைப் புரட்டினால் அவர்கள் நமக்குச் செய்தது தெரியும். அதற்கு மேல் கொஞ்சம் சேர்த்து எழுதிவிடலாம். அக்கா மகள் பி.இ. முடித்துவிட்டு ஸ்வீட் பாக்ஸோடு வந்து காலில் விழும்போதுதான் கை தடுமாறும். டிகிரிக்குப் பந்தலும் இல்லை, நோட்டும் இல்லை. ஊர் வழக்கம் என்று ஒரு தொகையும் இல்லை.

பலரும் முதலில் எடுப்பது உறையைத்தான். பக்கத்து வீட்டுப் பிள்ளை, ஆபீஸ் நண்பரின் பையன் என்றால் 501 போதும். ஒன்றுவிட்ட உறவுக்கு 1001. தாய்மாமன், அத்தை, சித்தப்பா வரிசையில் இருந்து கையில் வசதியும் இருந்தால் 5001. இது என் கணக்கு, சட்டம் இல்லை. 2023இல் இரண்டாயிரம் ரூபாய் நோட்டைத் திரும்பப் பெற்ற பிறகு 5001 என்றால் பத்து ஐந்நூறு ரூபாய்த் தாள். உறை கொஞ்சம் புஷ்டியாகவே இருக்கும், இருக்கட்டும்.

ரொக்கத்துக்கு ஆதரவாக நான் சொல்வது அந்த வயதின் பணமுடையை வைத்துத்தான். ஆஃபர் லெட்டர் கையில் இருக்கும், சேரும் தேதி வந்திருக்காது. அதற்குள் இன்டர்வியூவுக்கு பஸ், ஃபார்மல் சட்டை, ஷூ. சென்னையில் வேளச்சேரியிலோ சோழிங்கநல்லூரிலோ பிஜி விடுதி பிடித்தால் அட்வான்ஸ், முதல் மாத வாடகை. சம்பளம் வருவது மாதக் கடைசியில். நாலு வருஷம் ஃபீஸ் கட்டிய அப்பாவிடம் மறுபடி கேட்கப் பிள்ளைக்குக் கூச்சம். அந்த நேரத்து ஐயாயிரம், சம்பளம் வாங்க ஆரம்பித்த பிறகு வரும் இருபதாயிரத்தைவிடப் பெரிது.

உறையில் ஒரே கோளாறு, அது பிள்ளை கையில் தங்காது. “எதுக்கு மாமா இதெல்லாம்” என்று ஒரு சுற்று முடிந்ததும் உறை அம்மாவிடம் போகும். அவர் பிரித்துப் பார்த்து மனசுக்குள் எழுதிக்கொள்வார். உங்கள் பையன் டிகிரி முடிக்கும்போது அதே தொகை, மேலே ஒரு நூறோ இருநூறோ சேர்ந்து திரும்பி வரும். இல்லாத மொய் நோட்டை நாமே திறந்துவிட்ட மாதிரிதான்.

தங்கக் காசில் இந்தச் சிக்கல் இன்னும் அதிகம். கொடுப்பவருக்குக் கௌரவம், வாங்கும் அம்மாவுக்குச் சந்தோஷம், காசு நேராக பீரோவுக்குள். வாங்கும்போது 3 சதவீதம் ஜிஎஸ்டி, அதோடு செய்கூலி. விற்கப் போனால் இரண்டும் திரும்பாது. காசை விற்கிற வங்கிகள் அதைத் திருப்பி வாங்குவதும் இல்லை. இன்றைய விலையில் ஐயாயிரத்துக்கு அரை கிராம்கூடத் தேறாது. பெண் பிள்ளையாக இருந்தால் இன்னொன்றும் உண்டு: படித்ததற்கு மாமன் போட்ட காசு, நாளைக்குக் கல்யாணச் சீர்க் கணக்கில் போய் உட்கார்ந்துவிடும். ஒரு கிராமுக்கு மேல் போட வசதி இருந்து, அவசரச் செலவுக்கு வீட்டில் பணம் இருக்கிறது என்றும் தெரிந்தால் மட்டும் தங்கம் பக்கம் போகலாம்.

ஜிபே வறட்சியானதுதான். ஆசீர்வாதம் வாங்கக் குனிந்த பிள்ளையிடம் “நம்பர் சொல்லு” என்று போனை எடுத்தால் நன்றாகவா இருக்கும்? ஆனால் பணம் நேராகப் பிள்ளையின் கணக்கில் விழுகிறது, அம்மாவின் மனக்கணக்கில் ஏறுவதில்லை. அதனால் நான் இரண்டையும் சேர்த்துவிடுவேன். வெற்றிலை பாக்கோடு எல்லோர் முன்னாலும் 101. மீதி இரவு ஜிபேயில், “பிஜி அட்வான்ஸுக்கு” என்று ஒரு வரியோடு.

வாட்ச், பேனா எல்லாம் ரசனை தெரிந்தவர்களுக்கு. கிஃப்ட் வவுச்சர் வேண்டாம். ரொக்கத்தை ஒரே கடையில் கட்டிப்போட்டு, காலாவதித் தேதியும் ஒட்டித் தருவானேன்?

பெரிய தொகை கொடுப்பவர்கள் வரியையும் பார்த்துக்கொள்ளுங்கள். பெற்றோரின் உடன்பிறந்தவர்கள் கொடுத்தால் எவ்வளவானாலும் பிள்ளைக்கு வரி கிடையாது. ஒன்றுவிட்ட அண்ணன், குடும்ப நண்பர் அந்தப் பட்டியலில் வரமாட்டார்கள். அப்படிப்பட்டவர்களிடமிருந்து ஒரு நிதியாண்டில் வந்தது மொத்தம் 50,000 ரூபாயைத் தாண்டினால் முழுத் தொகையும் பிள்ளையின் வருமானமாகச் சேரும். கல்யாணப் பரிசுக்கு உள்ள விலக்கு டிகிரிக்கு இல்லை.

ஒரே வீட்டில் இரண்டாவது பிள்ளை முடிக்கும்போது மட்டும் பழைய தொகையைத் தேடிப் பார்த்தே ஆக வேண்டும். அண்ணன் இன்ஜினியரிங், தங்கை பி.ஏ. தமிழ் என்பதற்காகக் குறைக்காதீர்கள். அவனுக்கு 2021இல் 2001 என்றால் இவளுக்கு இன்று 3001. பிஜி அட்வான்ஸும் அப்போதிருந்த இடத்தில் இல்லை.