பழைய கச்சேரிப் பதிவுகள்: பல வருஷம் கேட்டு, பேசி, சண்டை போட்ட பிறகு

கர்நாடக இசையின் பழைய கச்சேரிப் பதிவுகளைக் கேட்பதும், கேட்டதைப் பற்றி நாலு பேரோடு பேசுவதும் எனக்குப் பல வருஷப் பழக்கம். கேசட்டில் ஆரம்பித்து, எம்பி3 நிரப்பிய சிடி, ஹார்ட் டிஸ்க், இப்போது போன் என்று வந்து நிற்கிறது. எங்கள் குழு சின்னது. ரயில்வேயிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர் (வயசு வித்தியாசமில்லாமல் எல்லாருக்கும் அவர் மாமா), வீணை வாசிக்கும் ஒரு அக்கா, மிருதங்கம் கற்றுக்கொண்ட ஒரு தம்பி, இன்னும் சிலர். வாரத்துக்கு ஒரு பதிவு எடுத்துக்கொள்வோம். அவரவர் வீட்டில் கேட்டுவிட்டுத் தோன்றியதை எழுதுவோம். எப்போதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை யார் வீட்டிலாவது கூடி, எழுத்தில் தீராத சண்டையை நேரில் போடுவோம்.

இவ்வளவு காலத்தில் எனக்குப் பட்டது இதுதான். பாடகர் செய்தது எது, டேப் செய்தது எது என்று பிரிக்காமல் எழுதும் ரசனைக் குறிப்பால் கேட்கிற அடுத்தவருக்குப் பிரயோசனம் குறைவு. "தெய்வீகம்", "கண்ணீர் வந்தது" எல்லாம் சரி. எந்தப் பிரதியில், எத்தனையாவது நிமிஷத்தில் வந்தது?

வேகத்திலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதிகம் ஏமாற்றுவது அதுதான். கேசட் டெக்கில் பெல்ட் தளர்ந்திருந்தாலோ மோட்டார் சரியில்லாமல் போனாலோ டேப்பின் வேகம் மாறிவிடும். நூற்றுக்கு ஆறு பங்கு வேகம் கூடினால் போதும், சுருதி அரைக்கட்டை ஏறிவிடும் (கட்டை என்பது பாடகரின் ஆதார சுருதியைச் சொல்லும் அளவு). ஒன்றரைக் கட்டைக்காரர் இரண்டு கட்டையில் பாடுவதாகக் கேட்கும். குரல் கொஞ்சம் இளமையாகும், பிருகா என்ற வேகமான ஸ்வரக் கொத்துகள் கொஞ்சம் பளபளக்கும். கேட்பவர் "அந்தக் காலத்துக் குரலே தனி" என்று எழுதுவார்.

எம்.டி. ராமநாதன் விஷயத்தில் இது அநியாயத்துக்குப் போகிறது. டைகர் வரதாச்சாரியாரின் சிஷ்யர், கலாக்ஷேத்ராவில் இருந்தவர், 1984-ல் மறைந்தார். ஒரு கட்டைக்கும் கீழான சுருதி, யாருக்கும் அவசரப்படாத காலப்பிரமாணம், அதாவது பாட்டின் நடைவேகம். அவர் பாட்டின் சாரமே இந்த இரண்டிலும் இருக்கிறது. எங்கள் குழுவில் அவருடைய கச்சேரி ஒன்று இரண்டு பிரதிகளாகச் சுற்றியது. ஒன்றைக் கேட்டவர்கள் "எம்.டி.ஆர். இவ்வளவு சுறுசுறுப்பாகவா பாடினார்!" என்று வியந்தார்கள். இன்னொன்றைக் கேட்டவர்களுக்கு இவர்கள் என்ன பேசுகிறார்கள் என்றே புரியவில்லை. ஒரு வாரம் ஓடிய விவாதம். கடைசியில் வீணை அக்கா ட்யூனரை வைத்துப் பார்த்து, முதல் பிரதி கிட்டத்தட்ட அரைக்கட்டை ஏறியிருக்கிறது என்றார். வேகத்தை இறக்கிக் கேட்டபோது ஆலாபனையில் அவர் விடும் இடைவெளிகள் திரும்பி வந்தன. அந்த இடைவெளிகளைத்தான் நாங்கள் பத்து பேரும் ரசிப்பதாகச் சொல்லிக்கொண்டிருந்தோம்!

சரி, எது அசல் வேகம் என்று எப்படித் தெரிந்துகொள்வது? பாடகரின் வழக்கமான சுருதி தெரிந்திருந்தால் முதல் துப்பு அது. ஆனால் வயதாக ஆகப் பலர் சுருதியை இறக்கிக்கொண்டார்கள், அதனால் அது மட்டும் போதாது. இரண்டாவது துப்பை மாமா சொல்லிக்கொடுத்தார். ஆம்ப்ளிஃபயரிலிருந்து வரும் "ம்ம்ம்" என்ற ரீங்காரம் பல டேப்புகளில் அடியில் ஓடும். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் அது 50-லோ, 100-லோ விழ வேண்டும். ஆடாசிட்டி மாதிரி இலவச மென்பொருளில் அலைவெண் வரைபடம் போட்டுப் பார்த்தால், வேகம் கூடிய டேப்பில் அது 53-ல் நிற்கும், அப்புறம் என்ன சந்தேகம்? ஆனால் இதையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. அந்த நாட்களில் லோடு ஏறினால் மின் அலைவெண் 50-க்குக் கீழே சரிவது சாதாரணம். தோராயக் கணக்குக்கு இது உதவும், அவ்வளவுதான்.

அடுத்தது இரைச்சல் நீக்கம். இதைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கோபமே உண்டு. மென்பொருள் என்ன செய்கிறது? பாட்டு இல்லாத ஒரு துண்டைக் காட்டச் சொல்கிறது. அந்தத் துண்டில் இடைவிடாமல் கேட்பதையெல்லாம் இரைச்சல் என்று எடுத்துக்கொண்டு, பதிவு முழுக்க அதைக் குறைக்கிறது. நம் கச்சேரியில் பாட்டு இல்லாத இடத்தில் என்ன இருக்கும்? தம்புரா! அதுதான் இடைவிடாமல் ஒலிப்பது. ஆக, டேப்பின் சீறலோடு சேர்ந்து தம்புராவும் போய்விடுகிறது. மிச்சம் இருப்பதும் தண்ணீருக்கடியில் மீட்டுவது மாதிரி கொழகொழத்து ஒலிக்கும். பாடகர் எந்த ஷட்ஜத்தில் (ஆதாரமான 'ஸ'வில்) போய்ச் சேர்கிறார் என்று காது தேடும்போது அங்கே ஒன்றுமே இருக்காது. "சுத்தப்படுத்தப்பட்டது" என்று பெருமையாகப் பெயர் போட்டு வரும் பிரதிகளை இப்போது நான் கடைசியாகத்தான் தொடுகிறேன். சீறலுக்குக் காது பத்து நிமிஷத்தில் பழகிவிடும். தம்புரா இல்லாத கச்சேரிக்கு எனக்கு இன்னும் பழகவில்லை.

குறைந்த பிட் ரேட் எம்பி3-யும் இதே வேலையைத்தான் செய்கிறது, கொஞ்சம் மெதுவாக. ஜீவா பிடித்த (தந்திக்கடியில் நூல் வைத்து நாதம் கூட்டிய) தம்புராவின் மேல் ஸ்வரங்களும், மிருதங்கத்தின் வலப்பக்கமான வலந்தலையில் விழும் சாப்பு என்ற கணீர் அடியும் முதலில் மங்கும். 128 கேபிபிஎஸ் எம்பி3-யில் கேட்டுவிட்டு "மிருதங்கம் மொண்ணை" என்று எழுதியவர்களோடு தம்பி நிறையச் சண்டை போட்டிருக்கிறான்.

தம்பியின் பெரிய வருத்தம் வேறு. தொண்ணூறு நிமிஷக் கேசட்டில் ஒரு பக்கம் நாற்பத்தைந்து நிமிஷம். கச்சேரி அதற்காக நிற்குமா? ராகம் பாதியில் இருக்கும்போது "டக்" என்று டேப் முடியும். புரட்டிப் போட்டுத் தொடரும்போது நிரவல் (பாட்டின் ஒரே வரியை விதவிதமாக விரித்துப் பாடுவது) ஆரம்பித்திருக்கும். இது தவிர்க்க முடியாதது. ஆனால் டேப்பை மிச்சப்படுத்த வேண்டுமென்று தனி ஆவர்த்தனம் (தாளவாத்தியம் மட்டும் தனியே வாசிக்கும் பகுதி) தொடங்கியதும் பதிவை நிறுத்தி, அதை முடிக்கும் கடைசிக் கோர்வை என்ற கணக்கு முடிந்து பல்லவி எடுக்கும்போது மறுபடி அமுக்கியவர்கள் ஏராளம். "பாலக்காடு மணி ஐயரையும் பழனி சுப்ரமணிய பிள்ளையையும் வெறும் பக்கவாத்தியமா மட்டும் கேட்டு வளர்ந்திருக்கோம் சார்" என்பான், இருவரும் மிருதங்க மேதைகள். அவன் சொல்வது நியாயம். பதிவு செய்தவரின் ருசிதான் நமக்குக் கிடைத்த சரித்திரம். அவருக்குத் தனி பிடிக்காது என்றால் நமக்கும் கிடையாது.

பாலக்காடு மணி ஐயர் பெயர் வந்ததால் ஒன்று சொல்ல வேண்டும். மைக்கே வேண்டாம் என்று வாதாடியவர் அவர். சபா டேப்புகளைக் கேட்டால் அவர் பக்கம் சாயத் தோன்றும். பாடகர் முன்னால் இருக்கும் மைக்தான் ராஜா. வயலின் பக்கத்து வீட்டில் வாசிப்பது போலவும், மிருதங்கம் மைக்குக்கு அருகே விழுந்தால் எல்லாரையும் அமுக்குவது போலவும் கேட்கும். இதை வைத்து "வயலின் சுமார்" என்று தீர்ப்பு எழுதுவது பாவம். இதற்கு நேர்மாறு, பாடகர் ராம்நாட் கிருஷ்ணன் அமெரிக்காவில் இருந்த காலத்தில் நான்சச் நிறுவனம் 1968-ல் வெளியிட்ட எல்.பி. இசைத்தட்டுகள். வி. தியாகராஜன் வயலின், டி. ரங்கநாதன் மிருதங்கம். ஒவ்வொரு வாத்தியமும் அதனதன் இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. வயலின் எங்கே தொடர்கிறது, எங்கே வேண்டுமென்றே வாயை மூடிக்கொள்கிறது என்பது தெளிவாகக் கேட்கிறது. பக்கவாத்தியத்தைப் பற்றிப் பேசப் பழக வேண்டும் என்பவர்களுக்கு நான் முதலில் கொடுப்பது இதைத்தான்.

78 ஆர்.பி.எம். இசைத்தட்டுகள் தனி உலகம். பத்து அங்குலத் தட்டில் ஒரு பக்கம் மூன்று நிமிஷம் சொச்சம். தோடி ராகத்தை மணிக்கணக்கில் வாசித்ததாகச் சொல்லப்படும் நாதஸ்வர வித்வான் டி.என். ராஜரத்தினம் பிள்ளை, அந்த மூன்று நிமிஷத்தில் என்ன செய்கிறார் என்று கேட்டால் மலைப்பாக இருக்கிறது. நேரே தோடியின் மையத்தில் கால் வைக்கிறார். ஆனால் இதை அவருடைய ஆலாபனை முறை என்று நினைத்துவிடக் கூடாது, தட்டுக்காக அவர் செய்துகொண்ட சுருக்கம் அது. வீணை தனம்மாளின் 1930-களின் தட்டுகளும் அப்படியே. ஜார்ஜ் டவுன் வீட்டில் வெள்ளிக்கிழமை மாலைகளில், மூச்சு விடாமல் உட்கார்ந்திருந்த சில பேருக்காக வாசித்தவர். ஊசியின் கரகரப்புக்கு நடுவே அந்த மெல்லிய நாதத்தைப் பிடிப்பது கஷ்டம். ஹெட்போனில் கேட்டால் கரகரப்புதான் முன்னால் நிற்கிறது. அறையில் ஒரே ஸ்பீக்கரில், சத்தம் குறைத்து வைத்தால் நாதம் வருகிறது. ஏன் என்று எனக்கு விளக்கத் தெரியாவிட்டாலும் குழுவில் எல்லாரும் ஒத்துக்கொண்ட ஒரே விஷயம் இதுதான்.

பெயர்ச்சீட்டுகளை நம்பாதீர்கள். "மதுரை மணி ஐயர், 1972" என்று ஒரு கோப்பு வந்தது. அவர் 1968-லேயே போய்விட்டார். மருமானும் சிஷ்யருமான டி.வி. சங்கரநாராயணனின் குரலில் மணி ஐயரின் சாயல் தூக்கலாக இருக்கும், அதனால் இப்படி மாறுவது ஆச்சரியமில்லை. பக்கவாத்தியக்காரர்களின் வயசைக் கூட்டிக் கழித்துப் பார்த்தாலே பாதிப் பொய்கள் உதிர்ந்துவிடும். லால்குடி ஜெயராமன் பிறந்தது 1930-ல். அவர் வயலினோடு "1938 கச்சேரி" என்று வந்தால் அவருக்கு எட்டு வயசு.

இதெல்லாம் போக, பகிர்தல் என்பது எப்போது நன்றாக நடக்கிறது? யாராவது ஓர் இடத்தைச் சுட்டும்போது. மதுரை மணி ஐயரின் கல்பனாஸ்வரத்தை (மேடையிலேயே கற்பனையாக ஸ்வரங்களைக் கோத்துப் பாடுவதை) பற்றி நான் ஒரு பத்தி நீளத்துக்குப் புகழ்ந்து எழுதியிருந்தேன். மாமா பதிலுக்கு இரண்டே வரி போட்டார்: "பதினெட்டாம் நிமிஷத்துலேர்ந்து தாளம் போட்டுண்டே கேளு. கணக்கே பண்ணாம சர்வலகுவிலேயே போறார், ஆனா எடுப்புக்குச் சரியா வந்து உட்காரறார்." சர்வலகு என்றால் கணக்குப் பின்னல் இல்லாமல் தாளத்தின் ஓட்டத்தோடேயே போவது, எடுப்பு என்றால் பாட்டு தாளத்தில் தொடங்கும் இடம். தாளம் போட்டுக்கொண்டே கேட்டேன். என் பத்தியை அழித்துவிட்டு அவருடைய இரண்டு வரியை மட்டும் வைத்துக்கொண்டேன். அதிலிருந்து எங்களுக்குள் ஒரு வழக்கம் வந்துவிட்டது: நிமிஷம் போடாத புகழ்ச்சிக்கு யாரும் பதில் எழுத மாட்டோம். புதிதாக வருபவர்களுக்கு இது கறாராகப் படுகிறது. ஒரு சிலர் விலகியும் போனார்கள். எனக்கு அதில் பெரிய வருத்தமில்லை.

அக்காவின் எதிர்க்கட்சியையும் சொல்லிவிட வேண்டும். நிமிஷக் கணக்குப் பார்த்துக் கேட்பதால் முழுக் கச்சேரியாக ஓடும் சுகம் போய்விடுகிறது, வர்ணத்திலிருந்து மங்களம் வரை ஏறி இறங்கும் கதி தெரியாமல் போகிறது என்பார். உண்மைதான். அவர் முதல் தடவை எதையும் எழுதிக்கொள்ளாமல் கேட்டுவிட்டு, ஒரு வாரம் விட்டுத்தான் பேனாவை எடுப்பார். அவர் குறிப்புகள்தான் எங்களுக்குள் சிறந்தவை.

கடைசியாக, வீட்டுப் பரணில் தாத்தாவோ சித்தப்பாவோ சேர்த்த கேசட்டுகள் இருப்பவர்களுக்கு: வெள்ளைப் பூஞ்சை தெரிந்தால் டெக்கில் நேரே போட்டுவிடாதீர்கள், டேப்பைப் படிக்கும் ஹெட் அழுக்காகி அடுத்த டேப்பும் பாழாகும், தெரிந்தவரிடம் கொடுத்துச் சுத்தம் செய்யுங்கள். டெக்கின் ஹெட்டைத் துடைத்து, ஹெட்டின் சாய்வைத் திருப்பும் அசிமத் திருகை அந்தந்த டேப்புக்குத் தக்கபடி சரிசெய்யச் சொல்லுங்கள். மோனோ பதிவென்றால் இரண்டு சேனலையும் கலக்காமல் தெளிவானதை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். முதல் பிரதியை ஒலியைச் சுருக்காத வேவ் (WAV) கோப்பாக, எந்த இரைச்சல் நீக்கமும் செய்யாமல் சேமியுங்கள். கேசட் அட்டையில் பேனாவால் எழுதியிருப்பதையும் போட்டோ எடுத்து அதே ஃபோல்டரில் போட்டுவிடுங்கள். தேதி தப்பாகவே இருந்தாலும், யார் எழுதியது என்பது பின்னால் உதவும். தனி ஆவர்த்தனம் முழுசாக இருக்கிற டேப் ஏதாவது கிடைத்தால் தம்பிக்குச் சொல்லி அனுப்புங்கள்.