பிராக் நகரின் யூதர் பகுதி: அரை நாளாவது ஒதுக்க வேண்டிய இடம்

ஜேர்மனியிலோ சுவிஸிலோ இருக்கும் உறவினரிடம் செல்லும் மட்டக்களப்பார் பலர், செக் குடியரசின் பிராக் நகரையும் ஓர் எட்டுப் பார்த்துவிட்டு வருகின்றனர். அங்குள்ள யோசெபோவ் என்னும் யூதர் பகுதியைப் போகிற போக்கில் பார்ப்பதானால் பார்க்காமலே விடலாம் என்பது என் கருத்து.

பழைய ஒழுங்கைகளை எதிர்பார்த்துச் செல்பவர் ஏமாறுவார். 1893இல் தொடங்கிய நகரச் சீரமைப்பில் அவை பெரும்பாலும் இடிக்கப்பட்டு, இன்று விலையுயர்ந்த கடைகள் நிறைந்த பாரிஷ்ஸ்கா வீதி அவ்விடத்தூடாகச் செல்கிறது. எஞ்சியவை சில தொழுகைக்கூடங்களும், எபிரேய எண்களுடன் இடப்புறமாகச் சுற்றும் கடிகாரத்தைக் கொண்ட யூத நகர மண்டபமும், பழைய மயானமும்தான்.

15ஆம் நூற்றாண்டு முதல் 1787 வரை பயன்பட்ட அந்த மயானத்தில் ஏறத்தாழ 12,000 நடுகற்கள் உள்ளன. நிலம் போதாமையால், முன்னைய புதைகுழிகளின் மேல் மண் கொட்டிப் பிறரை அடக்கம் செய்து, பழைய கற்களையும் மேலே உயர்த்தி நட்டதால், கற்கள் ஒன்றோடொன்று முட்டிச் சாய்ந்து நிற்கின்றன. 1609இல் காலமான யூத மதகுரு ரபி லேவின் கல்லறையில், நம்மவர் கோயிலில் நேர்த்தி வைப்பதைப் போல, வேண்டுதல் எழுதிய கடதாசிகளைச் செருகிச் செல்கின்றனர்.

எனினும் நேரம் செலவிட வேண்டிய இடம் பிங்காஸ் தொழுகைக்கூடமே. இன்றைய செக் குடியரசின் பகுதிகளான பொகீமியா, மொராவியாவைச் சேர்ந்த, நாசிகளால் கொல்லப்பட்ட யூதர் ஏறத்தாழ 80,000 பேரின் பெயர்கள் அதன் சுவர்களில் கையால் எழுதப்பட்டுள்ளன. ஊர்வாரியாக, குடும்பப் பெயர் சிவப்பிலும் அதைத் தொடர்ந்து ஒவ்வொருவரின் பெயரும் திகதிகளும் கறுப்பிலும் இருப்பதால், செக் மொழி தெரியாதவருக்கும் எது தாய், எது பிள்ளை என்பது பிறந்த ஆண்டிலிருந்தே விளங்கிவிடுகிறது. எங்களுடன் வந்த கல்லடி மாமி, சுனாமியில் உறவுகளைப் பறிகொடுத்தவர், ஒரு குடும்பத்தின் வரிசையை விரலால் காற்றில் தொடர்ந்து, "கடைசிக்கு மூண்டு வயசு" என்று மட்டும் சொன்னார். மேல்மாடியில், நாசிகளின் தெரெசின் முகாமில் அடைக்கப்பட்டிருந்த பிள்ளைகள் வரைந்த ஓவியங்கள் உள்ளன. அவர்களுக்கு வரையக் கற்பித்த ஃப்ரீடல் டிக்கர்-பிராண்டைஸ் 1944இல் அவுஷ்விற்ஸ் கொலைமுகாமில் கொல்லப்பட்டார்.

இவ்வளவையும் பதினைந்து நிமிடத்தில் முடித்து, நினைவுப்பொருட் கடையில் அதைவிட நீண்ட நேரம் நிற்கவைத்தது, நாங்கள் முன்பதிவு செய்த சுற்றுலா நிறுவனம். பணம் வீண். பிங்காஸையும் மயானத்தையும் நடத்தும் யூத அருங்காட்சியகத்தின் நுழைவுச்சீட்டைச் சொந்தமாக எடுத்து, கூட்டம் சேருமுன் காலையிலேயே பிங்காஸுக்குச் செல்வது நல்லது. சனிக்கிழமைகளிலும் யூதர் திருநாட்களிலும் எல்லாம் பூட்டியிருக்கும். 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த, இன்றும் வழிபாடு நடைபெறும் பழைய-புதிய தொழுகைக்கூடத்தை அந்த அருங்காட்சியகம் நடத்துவதில்லை என்பதால், எடுக்கும் சீட்டு அதற்கும் செல்லுமா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும். அங்கே ஆண்கள் தலையை மூட வேண்டும்.

தெரெசின் முகாம் பிராக்கிலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீற்றர்தான் என்றாலும், இரண்டையும் ஒரே நாளில் பார்க்கும் பயணத் திட்டங்களை நான் பரிந்துரைக்க மாட்டேன்.