போதாயனரா, மாதவரா?

பள்ளிக் கணிதக் கண்காட்சியில் பழைய இந்தியக் கணிதத்தைக் காட்ட யாரைத் தேர்வது? சென்னைப் பள்ளிகளில் கணிதக் கண்காட்சி என்றாலே "பித்தாகரஸுக்கு முன்பே போதாயனர்" என்றொரு சார்ட் தொங்கும். தப்பில்லை. செவ்வகத்தின் மூலைவிட்டத்தில் நீட்டிய கயிறு தரும் பரப்பு, இரு பக்கக் கயிறுகளும் தனித்தனியே தரும் பரப்புகளின் கூடுதல் என்று போதாயனரின் சுல்ப சூத்திரம் (வேள்வி மேடைகளை அளந்து அமைப்பதற்கான பழைய நூல்) சொல்கிறது. ஆனால் அதில் நிரூபணம் கிடையாது. "நாமே முதல்" என்றும் மார்தட்ட முடியாது. பாபிலோனியர்கள் சுமார் கி.மு. 1800-லேயே இந்த விதிக்குப் பொருந்தும் எண்களைக் களிமண் பலகையில் எழுதிவிட்டார்கள்.

என் ஓட்டு மாதவருக்கு. 14-ஆம் நூற்றாண்டுக் கேரளக் கணித அறிஞர். ஜெர்மன் கணித அறிஞர் லைப்னிட்ஸ் பெயரில் நாம் படிக்கும் 1 − 1/3 + 1/5 − 1/7... தொடர் (பையில் கால் பங்கைத் தருவது), லைப்னிட்ஸுக்குச் சுமார் 300 ஆண்டுகள் முன்பே இவருடையது. நிரூபணமும் உண்டு: 16-ஆம் நூற்றாண்டின் யுக்திபாஷா என்ற நூலில், அதுவும் மலையாளத்தில்!

இந்தத் தொடர் ஆமை வேகம். நான்கு உறுப்புகளைக் கூட்டி நான்கால் பெருக்கினால் பை 2.8952 தான் வருகிறது. மாதவர் மரபினர் கடைசியில் ஒரு திருத்தம் சேர்த்தார்கள்: n/(4n²+1); n என்பது கூட்டிய உறுப்புகளின் எண்ணிக்கை. நான்கு உறுப்புக்கு அது 4/65. அதையும் கூட்டிப் பெருக்கிப் பாருங்கள், 3.1414! பத்தாம் வகுப்புப் பிள்ளை கால்குலேட்டரில் தட்டிப் பார்க்கலாம்.

அப்புறம், இதில் சென்னைக்கும் பங்குண்டு. இந்தத் தொடரை 1830-களில் ஆங்கிலத்தில் எழுதிய சார்லஸ் விஷ், சென்னை மாகாணத்துக் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி.

ஆறாம் வகுப்பு என்றால் சரி, கயிறே போதும்.