உறுமி அடிக்கு எந்த ஹெட்போன்?

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கம் ஹெட்போன் வாங்கப் போகிற பையன்கள் கேட்கிற முதல் கேள்வி, "அண்ணே, அடி நல்லா விழுமா?" என்பதுதான். நியாயமான கேள்வி. நம் ஊரில் ஓடுகிற பாட்டு அப்படி. திருவிழா உறுமி மேளப் பதிவுகள், மலேசியத் தமிழ் ஹிப் ஹாப், கல்யாண வீட்டில் அதிரும் ரீமிக்ஸ் எல்லாமே பேஸை, அதாவது தாழ்ந்த ஒலியை நம்பித்தான் நிற்கின்றன.

கடையில் "எக்ஸ்ட்ரா பேஸ்" என்று அட்டையில் அச்சடித்த பெட்டியைக் காட்டினால் நம் ஆள் விழுந்துவிடுவான். அங்கேதான் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். டிரம் நெஞ்சில் குத்துகிற மாதிரி கேட்பது ஏறக்குறைய 60 முதல் 120 ஹெர்ட்ஸ் (ஒலியின் அதிர்வெண் அளவு, எண் குறையக் குறைய ஒலி தாழும்) வரை உள்ள பகுதி. அதற்கும் கீழே, 20 முதல் 60 ஹெர்ட்ஸ் வரை, காதைவிட உடம்புக்கு அதிகம் தெரிகிற ஆழமான அதிர்வு இருக்கிறது. ஹிப் ஹாப்பில் நீளமாக இழுத்துக்கொண்டு போகும் 808 பேஸ் (808 என்ற டிரம் இயந்திரத்திலிருந்து வந்த ஒலி) பெரும்பாலும் அங்கே போய்த்தான் படுக்கும். மலிவு ஹெட்போன்கள் பல குத்தை மட்டும் அளவுக்கு மீறி ஏற்றிவைத்து, ஆழத்தை விட்டுவிடும். முதல் ஐந்து நிமிடம் ஆகா என்று இருக்கும். அப்புறம் எல்லாப் பாட்டும் ஒரே "தொம் தொம்".

என்னிடம் இதற்கு ஒரு சோதனை உண்டு. நல்ல உறுமிப் பதிவு ஒன்றைப் போட்டுக் கேட்பேன். உறுமியின் ஒரு முகத்தை வளைந்த குச்சியால் தேய்க்கும்போது வரும் அந்த முனகல் ஒரே இடத்தில் நிற்காது. மேலும் கீழும் வழுக்கிக்கொண்டே போகும். அந்த வழுக்கல் தனியாகக் கேட்டால் ஹெட்போன் தேறியது. முனகல் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்றே தெரியாமல் ஒரே இரைச்சலாக வந்தால், பெட்டியில் என்ன எழுதியிருந்தாலும் எனக்கு வேண்டாம்.

பணத்தையும் சொல்லிவிடுகிறேன். 2025 பிப்ரவரியிலிருந்து நம் நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி (ரிங்கிட்). செம்பனைத் தோட்டத்திலோ தொழிற்சாலையிலோ வேலை பார்க்கும் ஒருவர் 300 வெள்ளியை ஹெட்போனுக்கு ஒதுக்குவதே பெரிய காரியம். ஆகவே 300 வரைதான் இந்த அலசலின் மையம். அதற்கு மேலே இரண்டு மட்டும் பார்க்கலாம். விலைகள் 11.11, 12.12 மாதிரி தள்ளுபடி நாட்களில் நிறைய மாறும் என்பதால் தோராயமாகவே சொல்கிறேன்.

ஏன் மூடிய ரகம்?

இங்கே நான் பார்ப்பவை எல்லாம் கப்பின் பின்பக்கம் அடைத்த, மூடிய ரகம். திறந்த முதுகு ஹெட்போனில் டிரைவரின் (கப்புக்குள் ஒலி எழுப்பும் பாகம்) பின்பக்க ஒலி தடையில்லாமல் வெளியே போகிறது. முன்பக்க ஒலியும் பின்பக்க ஒலியும் எதிரெதிர் என்பதால் தாழ்ந்த அதிர்வெண்களில் ஒன்றையொன்று தின்றுவிடும். ஆழமான பேஸ் அங்கே சாதாரணமாகவே மெலிந்திருக்கும். மூடிய ரகத்தில் கப் அந்தப் பின்பக்க ஒலியை அடைத்துவைக்கிறது. கூடவே ஒலி வெளியே கசியாது. இரவு ஷிப்ட் முடித்துவிட்டு அப்பா பகலில் தூங்குகிற லயத்து வீட்டில் இது சின்ன விஷயம் இல்லை.

ஆனால் "மூடிய ரகம், எல்லாச் சத்தத்தையும் தடுத்துவிடும்" என்று விற்பவர் சொன்னால் பாதிதான் நம்பலாம். தகரக் கூரையில் அடிக்கும் மழை போன்ற மேல்சுருதி இரைச்சலைக் கப்பும் மெத்தையும் நன்றாகவே குறைக்கும். செம்பனைக் குலை ஏற்றிப் போகும் லாரியின் உறுமல், பேருந்து எஞ்சின், காற்றாடியின் ரீங்காரம் போன்ற தாழ்ந்த சத்தங்கள் அவற்றைத் தாண்டி உள்ளே வந்துவிடும். வந்து என்ன செய்யும்? பாட்டின் பேஸும் அதே பகுதியில் இருப்பதால் அதை மூடி மறைக்கும். பேருந்தில் கேட்கும்போது பேஸ் காணாமல் போவதற்குப் பாதிக் காரணம் இதுதான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே புளூடூத் பக்கம் வரும்போது தேவைப்படும்.

ஒன்ஓடியோ ப்ரோ 10, டேக்ஸ்டார் ப்ரோ 82

குறைந்த காசில் ஆன்லைனில் அதிகம் கண்ணில் படுவது ஒன்ஓடியோ ப்ரோ 10. பெரும்பாலும் 150 வெள்ளிக்குள் அடங்கிவிடும். 50 மில்லிமீட்டர் டிரைவர், 32 ஓம் (மின்தடை அளவு, இது கூடினால் போனுக்குச் சுமை கூடும்), வயர் கழற்றலாம், இரண்டு கப்பிலும் ஜேக் இருப்பதால் இன்னொருவர் தன் ஹெட்போனைச் செருகிச் சேர்ந்து கேட்கலாம். தம்பி தங்கையோடு ஒரே போனில் கேட்கிறவர்களுக்கு இந்த வசதி பிடித்துப்போகும். பேஸ் நிறைய. ஆனால் நான் மேலே சொன்ன குத்து ரகம். பாடுகிறவர் குரல் கொஞ்சம் பின்னால் போய் நிற்கும். உறுமிச் சோதனையில் பாதி மதிப்பெண்.

"50 மில்லிமீட்டர், அதனால் பேஸ் பெரிசு" என்ற பேச்சை நம்ப வேண்டாம். கப்பின் உள்ளளவு, காற்றுத் துளைகள், மெத்தை, காதைச் சுற்றி அடைப்பு எவ்வளவு இறுக்கம் என்பதெல்லாம் சேர்ந்துதான் பேஸைத் தீர்மானிக்கும். 40 மில்லிமீட்டர் டிரைவர் வைத்த நல்ல ஹெட்போன் இதைவிட ஆழமாக இறங்கும்.

அதற்குச் சரியான எடுத்துக்காட்டு டேக்ஸ்டார் ப்ரோ 82. இதுவும் சீனத் தயாரிப்பு, டிரைவர் 40 மில்லிமீட்டர்தான். கப்பின் வெளியே ஒரு சின்ன நகர்த்தி இருக்கிறது. அதைத் தள்ளினால் காற்றுத் துளை திறந்து மூடி, பேஸ் மூன்று நிலைகளில் கூடிக் குறையும். ஹிப் ஹாப்புக்கு ஒரு நிலை, பழைய பாட்டுக்கு இன்னொரு நிலை என்று வைத்துக்கொள்ளலாம். ஈக்வலைசர் (ஒலியின் பகுதிகளைத் தனித்தனியாக ஏற்றி இறக்கும் வசதி) தொடவே தெரியாதவருக்கு இது வரம். ஒன்ஓடியோவைவிடக் குரல் தெளிவு. 300 வெள்ளிக்குள் வயர் ஹெட்போன் என்றால் என் ஓட்டு இதற்குத்தான். ஒரு சிக்கல், கடையில் போட்டுப் பார்க்கக் கிடைப்பது அரிது. ஆன்லைனில் வெளிநாட்டு விற்பனையாளரிடம் வாங்கினால் 500 வெள்ளிக்கு உட்பட்ட இறக்குமதிப் பொருளுக்கு 2024 ஜனவரி முதல் 10 விழுக்காடு விற்பனை வரி உண்டு என்பதையும் கணக்கில் சேருங்கள்.

ஆடியோ டெக்னிக்கா: எம்20எக்ஸா, எம்40எக்ஸா?

இந்த இரண்டையும் ஒரே குடும்பம் என்று நினைத்து மலிவானதை எடுத்துவிடுவார்கள். பேஸ் பிரியர் அப்படிச் செய்யக் கூடாது. எம்20எக்ஸ் நேர்மையான ஹெட்போன். பேச்சு, பாடம், இசைப்பதிவுப் பழக்கம் எல்லாவற்றுக்கும் நல்லது. ஆனால் ஆழம் குறைவு. மூன்று மீட்டர் வயர் ஒட்டியபடியே வரும், கழற்ற முடியாது. மோட்டார் சைக்கிளில் போகிறவன் மூன்று மீட்டர் வயரை எங்கே சுருட்டி வைப்பான்?

எம்40எக்ஸ் வேறு விஷயம். 40 மில்லிமீட்டர் டிரைவர், 35 ஓம், கழற்றக்கூடிய வயர்கள், மடித்துப் பையில் வைக்கலாம். பேஸ் கொட்டிக்கிடக்காது. ஆனால் இருப்பது ஒழுங்காக இருக்கும், ஈக்வலைசரில் ஏற்றினாலும் உடையாமல் தாங்கும். உறுமியின் வழுக்கல் இதில் அழகாகத் தெரியும். விலை பெரும்பாலும் 400 வெள்ளிக்கு மேல் என்பதுதான் குறை. பழையது வாங்கலாமா என்றால் வாங்கலாம், ஆனால் நேரில் பார்த்து. இந்த வரிசைக்குப் போலிகள் அதிகம். பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) 60 வெள்ளிக்கு இந்தப் பெயர் பொறித்து ஒன்று கிடைத்தால் சிரித்துவிட்டு சத்தே வாங்கப் போங்கள்.

பேயர்டைனமிக் டிடி 770 ப்ரோ

விலை இன்னும் மேலே. இருந்தாலும் பேஸ் பற்றிப் பேசும்போது இதைத் தவிர்க்க முடியாது. வெல்வெட் போல மெதுவான மெத்தை, உடைந்தால் பாகம் பாகமாக மாற்றிக்கொள்ளும் அமைப்பு, நல்ல ஆழம். பிழை என்று சொன்னால் மேல்பகுதி கூர்மை. தாளச் சத்தமும் "ஸ்" ஒலியும் சிலருக்குக் காதில் குத்தும், நாதஸ்வரப் பதிவில் இன்னும் கொஞ்சம். 32, 80, 250 ஓம் என்று மூன்று வகை வரும். போனில் கேட்கிறவர் 250 பக்கம் போகவே வேண்டாம், அதற்குத் தனி ஆம்ப்ளிஃபயர் கேட்கும். 80 போதும். 80 ஓம் வகையில் மூன்று மீட்டர் வயர் ஒட்டியபடிதான், ஆகவே இது வீட்டில் உட்கார்ந்து கேட்கிறவருக்கு.

புளூடூத்: சவுண்ட்கோர் க்யூ20

வயர் பிரியர்கள் முகம் சுளிப்பார்கள். ஆனால் தினமும் ஈப்போவுக்குப் பேருந்திலோ ரயிலிலோ போய்வருகிறவருக்கு நான் இதைத்தான் சொல்வேன். காரணம் மேலே சொன்ன லாரிச் சத்தம். இரைச்சல் நீக்கும் வசதி தாழ்ந்த அதிர்வெண்களில்தான் சிறப்பாக வேலை செய்யும், அதாவது கப் தடுக்காத அதே பகுதியில். எஞ்சின் ஒலி போனதும் பேஸ் தானாக வெளியே வருகிறது. 200 வெள்ளியை ஒட்டிய விலையில் பேருந்துக்குள் பேஸ் கேட்க இது நல்ல தேர்வு. தரத்தில் வீட்டு அமைதியில் டேக்ஸ்டாரே ஜெயிக்கும், அதில் சந்தேகம் இல்லை. பழைய க்யூ20 வேண்டாம், அடுத்து வந்த Q20i மாடலை எடுங்கள். டைப் சி சார்ஜர் ஒத்துப்போகும், செயலியில் ஈக்வலைசரும் உண்டு. பேஸ்அப் என்ற பொத்தானை மட்டும் அணைத்துவையுங்கள், சேறு மாதிரி ஆகிவிடும்.

மெத்தை, கண்ணாடி, வியர்வை

நம் ஊர் வெப்பத்தில் செயற்கைத் தோல் மெத்தை நீடிக்காது. ஈரப்பதத்தில் மேல்தோல் சிதைந்து, கறுப்புச் செதிலாகக் கன்னத்தில் ஒட்டும். அதனால் வாங்கும் முன்பே மாற்று மெத்தை எளிதில் கிடைக்கிறதா என்று பாருங்கள். எம்40எக்ஸுக்கு எங்கும் கிடைக்கும். துணி மெத்தை காற்றோட்டமாக இருக்கும், ஆனால் வியர்வையை உறிஞ்சி நாறும், துவைத்துக் காயவைக்கணும்.

கண்ணாடி போடுகிறவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. கண்ணாடிக் காலுக்கும் மெத்தைக்கும் இடையில் சின்ன இடுக்கு விழுந்தாலே ஆழமான பேஸ் வெளியேறிவிடும். கடையில் போட்டதும் இரண்டு கப்பையும் உள்ளங்கையால் லேசாக அழுத்துங்கள். அழுத்தியதும் பேஸ் கூடினால், உங்கள் தலைக்கு அந்த ஹெட்போன் சரியாக அடைக்கவில்லை என்று அர்த்தம். எவ்வளவு நல்ல மாடலாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். மெத்தை மென்மையாகவும் பிடி மிதமாகவும் உள்ளது கண்ணாடிக்கு ஒத்துவரும்.

போனில் ஹெட்போன் ஜேக் இல்லாதவர்களுக்கு

அடாப்டர் வேண்டும். 20, 30 வெள்ளிக்கே நல்லது கிடைக்கும். ஆப்பிளின் டைப் சி அடாப்டர் மலிவு, ஒலியும் சுத்தம். ஆனால் ஆண்ட்ராய்டு போன் சிலவற்றில் ஒலி அளவு குறைவாக வரும், ஆகவே வாங்கும் முன் நண்பருடையதை இரவல் வாங்கிச் செருகிப் பாருங்கள்.

சத்தத்தை ஏற்றாமல் பேஸ் ஏற்றுவது

ஒலி மெதுவாக இருக்கும்போது மனிதக் காதுக்கு பேஸ் மட்டும் கூடுதலாகக் குறைந்து கேட்கும். ஃபிளெட்சர், மன்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1933இலேயே இதை அளந்து காட்டிவிட்டார்கள். அதனால்தான் பேஸ் வேண்டும் என்று நம் கை தானாக ஒலிப் பொத்தானுக்குப் போகிறது. பெரியவர்களுக்கு வாரத்துக்கு 40 மணி நேரம், 80 டெசிபல் என்பது உலக சுகாதார அமைப்பு சொல்லும் எல்லை. தினம் தோட்டத்துப் புல் வெட்டும் இயந்திரத்தின் சத்தத்தில் நிற்கிறவருக்கு அந்த எல்லையில் ஒரு பகுதி வேலையிலேயே செலவாகிவிடும்.

ஆகவே ஒலியைக் குறைத்து, பேஸை மட்டும் ஏற்றுங்கள். ஆண்ட்ராய்டில் வேவ்லெட் செயலியில் பல ஹெட்போன்களுக்குத் தயார் நிலைத் திருத்தங்கள் உண்டு, உங்கள் மாடலைத் தேடித் தேர்ந்தெடுத்தால் போதும். கையால் செய்கிறவர் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை மட்டும் நான்கைந்து டெசிபல் ஏற்றலாம். 200, 250 பக்கம் ஏற்ற வேண்டாம், குரலில் தடிப்பு வரும். எவ்வளவு ஏற்றினீர்களோ அவ்வளவு மொத்த ஒலியை ப்ரீஆம்ப்பில் (ஈக்வலைசரில் மொத்த ஒலியைக் கூட்டிக் குறைக்கும் நகர்த்தி) இறக்கிவிடுங்கள். இல்லையென்றால் 808 வரும் இடத்தில் எல்லாம் கரகரக்கும்.